சட்டைப்பையை இழுத்துவிட்ட கை

படம் ஓடத் தொடங்கி ஏழு நிமிடம் ஆகியும் சென்னியப்பன் இன்னும் படத்தைப் பார்க்கத் தொடங்கவில்லை. திரையில் துரைராஜ் என்ற லிஃப்ட் மெக்கானிக் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியறையில் நின்று இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கீழே சென்னியப்பன் அரங்கில் எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது. மறுபடி எண்ணினார், எட்டு. இரண்டாம் தடவை தன்னைச் சேர்க்க மறந்திருக்கிறார். யாருக்கும் நடப்பதுதான் என்று சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள், யாருக்கும் நடப்பதுதான் என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிவருவது யாருக்கும் நடப்பதா என்ற கேள்வி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. போன சனிக்கிழமை இதே ஈரோட்டில், இதே தியேட்டரில், இதே எஃப் வரிசைப் பன்னிரண்டாம் இருக்கையில் அமர்ந்து இதே ‘பழுது நீக்குபவர்’ படத்தை அவர் முழுதாகப் பார்த்துவிட்டார். பார்த்த படத்தை இரண்டாம் முறை பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அது ஒருமுறை கேட்ட சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றுவது போல என்பார். இன்று வந்தது படத்துக்காக அல்ல, ஒரே ஒரு காட்சிக்காக. இடைவேளைக்குப் பிறகு இருபத்தைந்தாவது நிமிட வாக்கில் அது வர வேண்டும். வந்தால் அவர் மூளை நன்றாக இருக்கிறது. வராவிட்டால் நன்றாக இல்லை. ஆமாம், இல்லை என்று இவ்வளவு சுத்தமாக முடிகிற கேள்வியை முப்பத்தோரு வருடக் கோர்ட் வேலையில் எந்த வக்கீலும் கேட்டு அவர் கண்டதில்லை.

அவர் கோர்ட்டில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். சாட்சி கூண்டில் ஏறிக் கொங்குத் தமிழில் அழுதுகொண்டே சொல்வதை நீதிபதி எழுத்துத் தமிழில் திருப்பிச் சொல்ல, அதைத் தட்டெழுதுவது அவர் பிழைப்பு. நடுவில் ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது, ஒரு வார்த்தை விடக் கூடாது. நீதிபதியே ஒரு கணம் தடுமாறி, “அந்தம்மா என்ன சொன்னாங்க, கிழக்கயா மேற்கயா?” என்று கேட்டால், “மேற்கங்கய்யா, ஆனா மொதல்ல கெழக்குன்னு ஆரம்பிச்சாங்க” என்று சொல்லக்கூடியவர் என்று பெயர் எடுத்திருந்தார். மாற்றலாகிப் போகும் நீதிபதிகள் வரும் நீதிபதிகளிடம் மின்விசிறி சத்தம் போடும் என்பதையும் சென்னியப்பன் மறக்கமாட்டார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவார்கள். வருகிற திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஒரு கொலை வழக்கில் அரசுத் தரப்பின் மூன்றாம் சாட்சி கூண்டில் ஏறுகிறாள். கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். அவள் சொல்வதை வைத்துத்தான் ஒருவன் உள்ளே போவான் அல்லது வீட்டுக்குப் போவான். அதைத் தட்டெழுதப் போவது இவர். இன்றைக்கு அந்தக் காட்சி வராவிட்டால் நாளை ஞாயிற்றுக்கிழமையே நீதிபதி வீட்டுக்குப் போய், ஐயா, எனக்கு உடம்பு சரியில்லை, திங்கட்கிழமைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிடுவது, பிறகு நரம்பு டாக்டரிடம் போவது என்று முடிவு செய்து வைத்திருந்தார். டாக்டரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தைக்கூடத் தயாரித்துவிட்டார். ‘நடக்காத ஒன்றைப் பார்த்தேன் டாக்டர்.’ பார்த்ததாக நினைத்தேன் என்று மாற்றினார். பார்த்ததாக எழுதினேன் என்று திருத்தினார். அதுதான் சரி.

எழுதியதில்தான் வினை. ‘மாட்னி’ என்று ஒரு வாட்ஸப் குழு, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்குச் சென்னியப்பன் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றி அதில் எழுதுவார். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் கிடையாது. கடைசி வரியில் ‘மணி பார்த்தது: இத்தனை முறை’ என்று இருக்கும், அவ்வளவுதான். ‘கொடுவாளின் இரண்டாம் கோபம்’ படத்துக்கு ஒன்பது முறை. அதில் நீதிபதி மரச்சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். முப்பத்தோரு வருடத்தில் எந்த நீதிபதி கையிலும் சுத்தியலைப் பார்த்ததில்லை, தச்சு வேலை தெரிந்த ஒரு நீதிபதி இருந்தார், அவரும் அதை வீட்டில்தான் வைத்திருந்தார் என்று எழுதினார். ‘பனிமூட்டம் நாலரை மணி’ விருது வாங்கிய படம், குழுவில் பாதிப்பேர் ஆகா ஓகோ என்றபோது, நான்கு நிமிடம் வெட்டாமல் அசைபோடும் எருமைதான் படத்திலேயே அவசரப்படாத நடிப்பு என்று எழுதினார். எருமைதானே அது? மாடு இல்லையே? இருட்டில் சென்னியப்பன் கைப்பிடியை இறுகப் பற்றினார். எருமைதான். கொம்பு பின்னால் வளைந்திருந்தது. கொம்பு வளைந்ததைப் பார்த்தாரா, எருமை என்றால் கொம்பு வளைந்திருக்கும் என்பதால் இப்போது வளைக்கிறாரா? போன வாரம் வரைக்கும் இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ‘வட்டாட்சியர் வாசுகி’யில் கதாநாயகி ஜீப்பிலிருந்து இறங்கும்போது மழை பெய்ததா? பெய்தது. குடை யார் பிடித்தார்? டவாலி. டவாலி முகம்? முகம் வரவில்லை. முகம் வராமல் குடை மட்டும் நனைந்துகொண்டு நின்றது.

அந்தக் காட்சியை அவர் இப்படி எழுதியிருந்தார். துரைராஜோடு வேலை செய்த ஆள் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போகிறான். கயிற்றைச் சரிபார்த்தது துரைராஜ். பத்து நாள் கழித்து அவன் வீட்டுக்குப் போகிறார். வாசல் கொடியில் செத்தவனின் காக்கிச் சட்டை துவைத்துக் காயப்போட்டிருக்கிறது, சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. யாரும் போடப்போகாத சட்டையை யார் துவைத்தது, எதற்குத் துவைத்தது என்று யாரும் சொல்வதில்லை. அவன் மனைவி தண்ணீர் கொண்டுவர உள்ளே போகிறாள். துரைராஜ் சட்டைக்கு முன்னால் போய் நிற்கிறார், கையை நீட்டி அதன் பையைப் பிடித்து உள்துணி வெளியே வருமாறு இழுத்துவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. ‘ஈரத் துணியில் பை கடைசியில்தான் காயும் என்பது துவைக்கிறவனுக்குத்தான் தெரியும். மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் மன்னிப்புக் கேட்ட காட்சி இதற்குமுன் நம் சினிமாவில் வந்ததாக எனக்கு நினைவில்லை. மணி பார்த்தது: ஒரு முறையும் இல்லை.’ எழுதி அனுப்பிய பிறகு அவரே நான்கு தடவை படித்துப் பார்த்தார், கொஞ்சம் கண் கலங்கியது. புதன்கிழமை இரவு பரிமளா டீச்சர், பெருந்துறைப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், குழுவில் போட்டார்: “சார், நல்ல படம்தானுங்க. ஆனா நீங்க எழுதின சட்டை சீன் எங்கீங்க வருது? நானும் எங்க வீட்டுக்காரரும் கடைசி வரைக்கும் அதுக்கே காத்துக்கிட்டு இருந்தோம்.”

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. டீச்சர் போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பார். வியாழக்கிழமை மின்வாரியப் பொறியாளர் ஒருவர், “நானும் பாத்துட்டேன். சட்டையும் இல்ல, பையும் இல்ல. கொடியே இல்லீங்க” என்றார். அதற்குக் கீழே இன்னொருவர், இன்னொருவர், மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் வேறு வேறு காட்சிக்குப் போனவர்கள். “அது படத்துல ஓடலீங்க, சார் மூக்குக்கண்ணாடில ஓடிச்சு” என்று ஒரு குரல். “சார் எடுக்கற படத்துக்கு நாந்தான் புரொடியூசர், இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் யாரும் குறுக்க வரப்படாது” என்று ஜவுளிக்கடை ஆள். சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. சென்னியப்பன் பதில் எழுத ஆரம்பித்து அழித்து, ஆரம்பித்து அழித்து, கடைசியில் போனை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தார். ஆறு சாட்சிகள் ஒன்றுபோல ஒரே விஷயத்தைச் சொன்னால் கோர்ட்டில் என்ன செய்வார்கள்? சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இங்கே யார் சொல்லிக்கொடுப்பார்கள், ஒரு சட்டை இல்லை என்று?

இன்று மதியம் கிளம்பும்போது மனைவி பூங்கோதையிடம் பேங்குக்குப் போவதாகச் சொன்னார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல், “ரெண்டாஞ் சனிக்கெழமைங்க” என்றாள். அவர் செருப்பில் ஒரு காலோடு நின்றார். ரெண்டாம் சனி பேங்க் கிடையாது என்பது அவருக்குத் தெரியாததா? “ஏடிஎம்முக்குத்தான்” என்றார். “ஏடிஎம்முக்கு எதுக்கு இஸ்திரிச் சட்டை?” என்றாள். பொய் சொல்லத் தெரியாதவன் உளறினானா, நினைவு போகிறவன் மறந்தானா, எது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார். இரண்டாவதாக இருக்கக் கூடாது. முதலாவதாக இருந்தால் நல்லது. ஒரு மனிதன் தான் வெறும் பொய்யனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறியது ஈரோடு நகரப் பேருந்துகளின் வரலாற்றில் புதிதாக இருக்கலாம்.

திரையில் லிஃப்ட் கதவு திறந்து மூடியது. நாச்சிமுத்து மாமனை நினைக்கக் கூடாது என்று தீர்மானித்துத்தான் உள்ளே வந்திருந்தார், நினைக்கக் கூடாது என்று தீர்மானிக்கும்போதே மாமன் வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். பேச்சில் உப்புச் சப்பு இருக்காது, படம் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னால் போஸ்டரைப் படிப்பது போல இருக்கும். அறுபது வயதுக்குமேல் திடீரென்று அவர் கதை சொல்வது நன்றாக ஆகிவிட்டது. “மாப்ள, அதுல ஒரு கட்டம் வருது பாரு” என்று ஆரம்பித்தால் வீடே வந்து சுற்றி உட்காரும். கதாநாயகன் ரயிலைத் தவறவிட்டுப் பிளாட்பாரத்தில் இன்னொருத்தர் குழந்தைக்குச் சோறூட்டுவான், வில்லன் கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுவான். அந்தப் படங்களுக்கு இவர்களும் போவார்கள், அந்தக் கட்டம் வராது, திரும்பி வந்து, மாமன் இட்டுக்கட்டிப் போட்டார் என்று சிரிப்பார்கள். இருபத்து நான்கு வயதுச் சென்னியப்பன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தவன், இன்னொன்று சொல்லுங்க மாமா என்று கேட்டவன். ஒருநாள் மாமன் ஒரு முழுப் படத்தையும் சொன்னார், பெயர் சொல்லவில்லை, அதில் மஞ்சள் மண்டியில் வேலை செய்கிற ஒருவனுடைய மனைவி கிணற்றில் விழுந்து சாகிறாள், அவன் தனியாக இருபது வருடம் சமைத்துச் சாப்பிடுகிறான். சொல்லும்போது மாமன் அழுதார். அத்தை அப்போது அவருக்குப் பின்னால் தோசைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, “என்னயப் பாருங்க” என்றாள். மாமன் பார்த்தார். மரியாதையாக எழுந்து நின்று, “வாங்கம்மா, யாரு வேணுங்க?” என்றார்.

மாமனுக்கு அது எப்போது தெரிந்தது? தெரியவேயில்லை, அதுதான் அந்த நோயின் இரக்கம் என்று டாக்டர் சொன்னாராம். சென்னியப்பனுக்கு அந்த இரக்கம் கிடைக்கவில்லை, தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார். தெரிகிறவனுக்கு அந்த நோய் இல்லை என்று எங்கோ படித்தார். எங்கே? படித்தாரா? சட்டை எங்கிருந்து வந்தது? வழக்கில் மூன்றாம் சாட்சி போலீசில் கொடுத்த வாக்குமூலத்தை அவர் போன மாதம் வழக்குக் கட்டில் படித்திருந்தார்: ‘காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன், அப்போது கீழே சத்தம் கேட்டது.’ துணி. கொடி. வெள்ளிக்கிழமை அந்த வழக்குக் கட்டை எடுத்து மறுபடி பார்த்தார், சட்டை என்று எங்கேயும் இல்லை, துணி என்றுதான் இருந்தது. ஆக, அவள் கொடியிலிருந்து ஒரு துணியை உருவி இவர் லிஃப்ட் மெக்கானிக் படத்தில் கொண்டுபோய்க் காயப்போட்டிருக்கலாம். அப்படியானால் லிஃப்ட் மெக்கானிக் படத்திலிருந்து எதையாவது உருவி அவள் சாட்சியத்தில் போட எவ்வளவு நேரம் ஆகும்? நீதிபதி திரும்பி, “என்ன சொன்னாங்க, சென்னியப்பன்?” என்று கேட்பார். இவர் சொல்வார். நீதிபதி சந்தேகப்படமாட்டார், இத்தனை வருடத்தில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. இத்தனை வருடத்தில். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் சாட்சியத்தில் எத்தனை பைகளை இழுத்துவிட்டிருக்கிறார்?

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் வெளியே போய் மூலையில் நின்றார். மேனேஜர் தங்கமுத்து டீயோடு வந்தார், நாற்பது வயது, தியேட்டரில் மேனேஜரும் அவர்தான் ஆபரேட்டரும் அவர்தான், மூன்று திரைக்கும் மாடிப்படி ஏறி இறங்கி இளைத்தவர். “ஏனுங்ண்ணா, போன வாரந்தான வந்தீங்க? இந்தப் படத்துக்கு ரெண்டு தடவயா?”

“சும்மாதான். ஒரு சந்தேகம்.”

“நீங்க எழுதினதப் பாத்துட்டுத்தானுங் நாலு பேரு வந்தாங்க, இல்லாட்டி புதங்கெழமையே எடுத்திருப்போம். மதியம் ஒரு ஷோ ஓடுது, உங்க புண்ணியம்.” தங்கமுத்து குரலைத் தாழ்த்தி, “அவ்வளவு நல்லாருக்குதுங்களா? நான் இன்னும் முழுசாப் பாக்கலீங்க. தெனம் ஓட்டறவன் எங்க பாக்கறது?” என்றார். அவரிடம் கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏன் கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும். டீ சூடாக இருந்தது, சர்க்கரை போட்டாரா இல்லையா என்பது அவருக்குக் குடித்து முடிக்கிற வரை தெரியவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தபின் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பதினைந்து நிமிடம். விசாரணை அதிகாரி துரைராஜிடம் கையெழுத்து வாங்குகிறார், இது இருக்கிறது, இது எழுதியபடியே இருக்கிறது. பத்தொன்பது. சங்கத் தலைவர் பேசுகிறார், மேசையில் தண்ணீர்க் குவளை, சரி. ஒவ்வொன்றும் நினைவில் இருந்தபடியே வர வர நெஞ்சில் ஒரு சிறிய ஏணி போட்டதுபோல இருந்தது. இருபத்து இரண்டு. துரைராஜ் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். தெரு. நாய் ஒன்று குறுக்கே போகிறது, அந்த நாயை எவ்வளவு அன்போடு அவர் வரவேற்றார் என்று அந்த நாய்க்குத் தெரியாது. துரைராஜ் சந்து திரும்புகிறார், கம்பிக் கதவு தெரிகிறது, கதவில் கை வைக்கிறார். சென்னியப்பன் மூச்சை நிறுத்தினார். கதவு கிரீச்சிட்டது. துரைராஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். வெளியே மரங்கள் ஓடின.

இல்லை. கொடி இல்லை, சட்டை இல்லை, தண்ணீர் இல்லை. கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டலுக்குக்கூட இடமில்லை. அவர் சிமிட்டினாரோ? சிமிட்டவில்லை, மூச்சைக்கூட விடவில்லை. காது அடைத்து, படத்தின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. பயம் என்பது இப்படி இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. படங்களில் பயந்தவர்கள் வியர்ப்பார்கள், ஓடுவார்கள், மேளம் அடிக்கும். இங்கே ஒன்றும் இல்லை, மிகவும் தெளிவாக, வீட்டை யாரோ காலி செய்துகொண்டிருக்கும் உணர்வு, ஒவ்வொரு அறையாக, சத்தமில்லாமல், சாமான்களைத் தூக்கிப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதுபோல. எந்த அறையில் பூங்கோதை இருக்கிறாள்? அவளைக் கடைசியாக எடுத்துப் போவார்களா? நாளைக்கு அவள் தட்டோடு வந்து நின்றால்? ஒன்பது பேரில் எவரோ பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கினார்கள். படம் முடியும்வரை அவர் உட்கார்ந்திருந்தார், பெயர்கள் ஓடி முடியும்வரை, விளக்கு எரியும்வரை.

வெளியே தங்கமுத்து துடைப்பம் வைத்திருந்த பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் இவர் முகத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஏனுங்ண்ணா, ஒடம்புக்குச் செரியில்லீங்களா? இப்படி உக்காருங்க.”

“தங்கமுத்து, இடைவேளைக்கு அப்பறம், அந்த ஆள் செத்தவன் வீட்டுக்குப் போறான் பாருங்க. கதவத் தொறக்கறான். அப்பறம் ஒரு சீன் இருக்குமா?”

“இருந்துதோ என்னமோங்க. திங்கக்கெழமை வெட்டிட்டாங்களே.”

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். தங்கமுத்து சாதாரணமாகச் சொன்னார், படம் நீளம், இழுக்குது என்று மூன்று நாளில் பேச்சு வந்துவிட்டதாம், திங்கட்கிழமை மாலையே கம்பெனியிலிருந்து பதினோரு நிமிடம் குறைத்துப் புதிய காப்பி அனுப்பிவிட்டார்களாம், இப்போது எல்லாப் படத்துக்கும் இதுதான் வழக்கம். “நீங்க பேப்பரெல்லாம் பாக்கறதில்லீங்களா? அதுஞ்செரி, சின்னப் படம், இதுக்குப் பேப்பர்ல எங்க போடறான்.” பேப்பரில் போட்டாலும் சென்னியப்பன் படித்திருக்கமாட்டார். சினிமாச் செய்தி படிக்கிறவன் சினிமாவைப் பார்க்கமாட்டான் என்று குழுவில் ஐந்து வருடமாகச் சொல்லி வருகிறவர். ஆறு பேரும் அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் போனார்கள், அவர் சொன்னால்தான் டிக்கெட் எடுப்பது என்பது அவர்கள் வழக்கம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் பார்த்ததாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆகையால் ஆறு பேரும் திங்கட்கிழமைக்கு அப்புறம் போனவர்கள். முழுப் படத்தைப் பார்த்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவர் ஒருவர்தான். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. வெட்டினார்கள் என்பது சரி. வெட்டியதில் அது இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? ஒரு துளை இருக்கிறது, துளைக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், மாமன் வைத்ததுபோல. “வெட்டுனதுல என்ன இருந்துது?” என்றார்.

“யாருங்க பாத்தா? பாட்டுப் பாதி, ஏதோ ஊட்டு சீனு.” தங்கமுத்து கொஞ்சம் யோசித்தார். “பழைய காப்பி இன்னும் சர்வர்லதான் கெடக்குது. இன்னிக்கி வரைக்கும் ஓடுமுங்க, நாளைக்கு லாக்காயிரும். அஞ்சு நிமிசம் வேணா போட்டுக் காட்டட்டுங்களா? ஆறேகாலு ஷோவுக்கு இன்னும் நேரம் கெடக்குது.”

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். இந்த உலகத்தில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு யார் தருவார்கள்? போன சனிக்கிழமை அப்படியே மேலே ஒரு பெட்டியில் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளாமலே போய்விட்டால், வெட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வாழலாம், குழுவில் எழுதலாம், எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், திங்கட்கிழமை போய் உட்காரலாம். ஆனால் ஒவ்வொரு சாட்சியிடமும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது கூடவே உட்கார்ந்திருக்கும். “போடுங்க” என்று சொன்னது தன் குரலா என்று தெரியவில்லை. தங்கமுத்து ஏற்கெனவே படியில் பாதி ஏறியிருந்தார்.

புரொஜக்டர் அறையில் வெக்கையும் ஏதோ சூடான பிளாஸ்டிக் வாசனையும் இருந்தது. சுவரில் ஒரு சிறிய கண்ணாடிச் சதுரம், அதன் வழியாகக் கீழே காலி அரங்கு, அந்தக் கோடியில் திரை. தங்கமுத்து பொத்தானைத் தட்டித் தட்டி முன்னும் பின்னும் ஓட்டினார். தெரு. நாய். சந்து. கம்பிக் கதவு. கிரீச். சென்னியப்பன் கண்ணாடியில் நெற்றியை வைத்தார். கதவு உள்ளே திறந்தது. வாசல், ஒரு கொடி, கொடியில் ஒரு காக்கிச் சட்டை, சொட்டுச் சொட்டாக நீர். இருந்தது. கடவுளே, இருந்தது, முழுதாக, அதே இடத்தில், அதே இடது ஓரத்தில். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். செத்தவனின் மனைவி உள்ளே போனாள். துரைராஜ் சட்டைக்கு முன்னால் போய் நின்றார். பார்த்துக்கொண்டே நின்றார். கை மெல்ல எழுந்தது. எழுந்து, அவருடைய சொந்தக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. அந்தப் பெண் தண்ணீரோடு வந்தாள். குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தார். கதவு. பஸ். மரங்கள்.

“இதுதானுங்களேண்ணா?” என்றார் தங்கமுத்து, தன் பெட்டியில் தான் கண்டெடுத்த சந்தோஷத்தோடு.

“இன்னொரு தடவ போடுங்க.”

இன்னொரு தடவை கை எழுந்து கழுத்துக்குப் போனது. மூன்றாம் தடவையும் கழுத்துக்குத்தான் போனது. சட்டைப்பை நனைந்து, தட்டையாக, யாரும் தொடாமல் இருந்தது. சட்டை இருக்கிறது, பையை இழுத்துவிட்டது இல்லை. ஆக அவர் பைத்தியம் இல்லை, நோய் இல்லை, சட்டையை எங்கிருந்தும் திருடிக்கொண்டு வரவில்லை. பையை மட்டும் அவர் இழுத்துவிட்டிருக்கிறார். தன் சட்டையைத் தானே துவைக்கும் மனிதர், ஈரப் பையைக் கண்டால் கை சும்மா இராது, எழுந்த கை அங்கேதான் போக வேண்டும் என்று அவர் விரும்பியிருக்கிறார், இருட்டில் உட்கார்ந்துகொண்டு போகவைத்துவிட்டார். எல்லாரும் செய்வதுதான். பாதி உண்மை. பாதியை ரசிகனாக ஏற்றுக்கொள்ளலாம். கோர்ட்டில் பாதி என்று ஒன்று கிடையாது. ஒருவன் கை ஓங்கியதை நீதிபதி சொல்லும்போது, அது எங்கே இறங்க வேண்டும் என்று இவர் விரும்பிவிட்டால்?

“இருக்குதுங்கல்ல. அப்பக் குரூப்புல போட்டு விடுங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க” என்றார் தங்கமுத்து. சென்னியப்பன் போனை எடுத்தார். ‘படம் திங்கட்கிழமை சுருக்கப்பட்டிருக்கிறது. நான் பார்த்தது முழுப் பிரதி. சட்டைக் காட்சி அதில் இருக்கிறது. இப்போது புரொஜக்டர் அறையில் மறுபடி பார்த்தேன்.’ ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, கோர்ட்டில் ஒப்பிக்கலாம். அனுப்பினார். அரை நிமிடத்தில் கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. ஜவுளிக்கடைக்காரர், “அப்பப் படம் எடுக்கறது கேன்சலுங்களா சார்?” என்றார். பரிமளா டீச்சர் தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. “மன்னிச்சுக்கோங்க சார். உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். அந்தப் பாக்கெட்ட வெளிய இழுக்கறதும் இருக்குதுங்களா?”

கணக்கு டீச்சர். சரியான இடத்தில் கேட்டுவிட்டார், இப்படிக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல்கள் ஜில்லாவில் இரண்டு பேர்கூட இல்லை. சென்னியப்பன் கண்ணாடிச் சதுரத்தின் வழியே கீழே பார்த்தார். தங்கமுத்து அடுத்த படத்தை ஏற்றிவிட்டிருந்தார், திரை வெள்ளையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் மூன்று எழுத்து. இல்லை என்று எழுதினால் நாளை நீதிபதி வீட்டுக்குப் போக வேண்டும், போய் என்னவென்று சொல்வது, எழுந்த கை கழுத்துக்குப் போனது ஐயா, நான் பைக்குப் போனதாக எழுதிவிட்டேன், முப்பத்தோரு வருடத்தையும் எடுத்துத் திரும்பப் படியுங்கள் என்றா? ‘இருக்கிறது’ என்று தட்டினார். அனுப்பினார். அதற்குக் கீழே டீச்சரின் கைகூப்பும் பொம்மை வந்து விழுந்தது.

போனைப் பையில் வைத்துவிட்டு, சற்றுமுன் பார்த்ததை, மூன்று தடவை பார்த்ததை, ஒருமுறை சரியாக நினைவுபடுத்திப் பார்க்கலாம் என்று படிக்கட்டில் நின்று கண்ணை மூடினார். கொடி. சட்டை. துரைராஜ் முன்னால் போய் நிற்கிறார். கை எழுகிறது. கழுத்துக்கு, என்று சென்னியப்பன் சொன்னார், வாய்விட்டே சொன்னார், கழுத்துக்கு. கை நீண்டு ஈரப் பையைப் பிடித்தது, உள்துணி வெள்ளையாக வெளியே வந்தது, நகத்தில் இருந்த கிரீஸ்கூடத் தெரிந்தது. இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தார். கை இந்தமுறை தயங்கவும் இல்லை.